கத்தரிக்குத் துணை

சின்னமனூரில் சுருளிநாதன் என்றொரு டிரைவர் இருந்தார். முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டினார். அறுபது வயது முடிந்த அன்று கழுத்தில் மாலை போட்டு, ஒரு கைக்கடிகாரம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுவாரமே அவர் ஒரு குருவைத் தேடிப் போனார்.

குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் அமலோற்பவம். இராயப்பன்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டி நாற்று வளர்த்து விற்பவர். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வீட்டுத் தோட்டம் போடச் சொல்லிக் கொடுத்ததால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சுருளிநாதனுக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். காலை வண்டியில் நாற்றுத் தட்டுகளோடு ஏறுவார். வண்டிக்குள் மண் கொட்டுகிறது என்று சுருளிநாதன் அவரைத் திட்டாத வாரம் கிடையாது. இப்போது அதே மண்ணைக் கேட்டு வாசலில் நிற்க, அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"கத்தரி நாத்து பதினெட்டு வேணும்மா" என்றார். "மாடியில பதினெட்டு பெயிண்ட் வாளி வெச்சிருக்கேன். அடியில ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் நெரப்பியாச்சு."

அமலோற்பவம் நாலு கத்தரி நாற்றை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றினார். அதோடு எட்டு செண்டுப்பூ நாற்று வைத்தார். இரண்டு பிடி சின்ன வெங்காயம். ஒரு பொட்டலத்தில் தட்டப்பயறு விதை, இன்னொன்றில் அவரை விதை.

"நான் கேட்டது கத்தரி."

"நாலு இருக்குல்லண்ணே."

"எங்க வீட்ல கத்தரின்னா உசுரு. கத்தரி மட்டும் இருந்தாப் போதும்."

"பூச்சிக்கும் அது மட்டும் இருந்தாப் போதும்ணே."

சுருளிநாதன் பொட்டலங்களை வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"எதுக்குப் பக்கத்துல எதை வைக்கணும்? எது எதுக்குத் துணை, எது எதுக்குப் பகை? ஒரு பட்டியலா எழுதிக் குடும்மா. அதும்படி செஞ்சிர்றேன்."

அமலோற்பவம் குனிந்து ஒரு குச்சியால் தரையில் சதுரம் போட்டார். "இது உங்க மாடி." நடுவில் தள்ளித் தள்ளி நாலு புள்ளி வைத்தார். "கத்தரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது." ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம். "வாளி ஓரத்துல வெங்காயம்." இடையிலெல்லாம் பூ. தண்ணீர்த் தொட்டிக் கம்பி ஓரமாக அவரை. கடைசியில் சதுரத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு குழி. "இங்கெல்லாம் தட்டப்பயறு."

"தட்டப்பயறு யாருக்கு? நாங்க அவ்வளவா சாப்பிட மாட்டோம்."

"வர்றவங்களுக்கு."

"யார் வருவாங்க?"

"வந்ததுக்கு அப்புறம் சொல்லுங்க."

*

பேருந்தில் இருந்த காலத்தில் அதிகாலை வண்டிக்கு எழுந்து பழகிய உடம்பு அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரத்துக்கு முழிப்பு வந்தது. ஆனால் போக இடம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது போக இடம் வந்துவிட்டது. வெளுக்கும்போது காப்பித் தம்ளரோடு மாடியில் இருப்பார்.

நாலாம் நாள் தட்டப்பயறு முளைத்தது. அமலோற்பவத்துக்கு போன் போட்டார்.

"மொளச்சிருச்சும்மா."

"எதுண்ணே?"

"எல்லாம்."

ஒன்பதாம் நாள் அவரைக்கொடி கம்பியைப் பிடித்தது. அதற்கும் போன் போட்டார். இருபதாம் நாள் முதல் செண்டுப்பூ மொட்டு வந்தது. அதற்கு போன் போதவில்லை. பேருந்து ஏறி நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். டீக்கடையில் பழைய கண்டக்டர்களைப் பிடித்து உட்காரவைத்து, வெங்காயத்தாள் எத்தனை விரற்கடை வளர்ந்திருக்கிறது என்று கையால் அளந்து காட்டினார்.

"பேரன் பொறந்தப்பகூட இந்த மனுசன் இப்படிக் குதிக்கல" என்றார் அவர் மனைவி நாகரத்தினம். சொல்லிவிட்டு அவரும் மாடியேறி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

எந்த நாளில் என்று தெரியாது, சுருளிநாதன் 'ஏம்மா' என்று கூப்பிடுவதை விட்டு 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு வண்டு வந்துச்சு. செவப்பா, முதுகுல கறுப்புக் கோடு போட்டு, சட்டைப் பட்டன்ல பாதி இருக்கும். தட்டப்பயறுல வந்து உக்காந்துச்சு. மூணு இருந்துச்சு. பெயிண்ட் அடிச்ச மாதிரி அவ்வளவு அழகு."

டீச்சர் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பூவாளியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டாங்களா."

"ஒண்ணும் செய்யாதுல்ல?"

"நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாச் சரி."

"சேச்சே. அதைப் போய் யாராவது செய்வாங்களா?"

*

அடுத்த வாரம் அவர் வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"தட்டப்பயறு பூராம் செடிப்பேன் டீச்சர். கறுப்புக் கறுப்பா அப்பிக் கெடக்கு. தொட்டா பிசுபிசுங்குது. எறும்பு வேற சாரை சாரையாப் போகுது. நீங்க குடுத்த வெதையிலதான் வந்திருக்கு."

"கத்தரியில இருக்கா?"

"இல்ல."

"அவரையில?"

"ஒண்ணு ரெண்டு. தட்டப்பயறுலதான் எல்லாம்."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கு."

சுருளிநாதனுக்குக் கோபம் வந்தது. "என்ன சரி? வீடு தேடி எதிரியைக் கூப்பிட்டு வெச்ச மாதிரி இருக்கு."

"ஒரு வாரம் கை வைக்காதீங்கண்ணே. உக்காந்து பாருங்க."

"பாருங்கன்னா?"

"பாக்குறதுதான்."

வீட்டுக்கு வந்தால், மாடியில் கமாலுதீன் பாய் நின்றுகொண்டிருந்தார். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர். கடிந்து பேசத் தெரியாதவர். பேச வேண்டியதை எப்படிப் பேசுவது என்று அவர் முகத்திலேயே தவிப்பு தெரிந்தது.

"டிரைவர், தங்கச்சி மகளுக்கு நிக்காஹ் வெச்சிருக்கோம். பந்தி இந்த மாடியிலதான். இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்கு."

"ரொம்ப சந்தோசம் பாய்."

"சந்தோசம்தான். ஆனா இதைப் பாருங்க." தட்டப்பயறுக் கொடியை விரல் படாமல் காட்டினார். "சம்பந்தக்காரங்க கம்பத்துல இருந்து வர்றாங்க. பிரியாணியில இது உதிர்ந்தா நான் எங்க போய் மூஞ்சிய வைப்பேன்?"

கையிலிருந்த பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பூச்சிமருந்து.

"இதை அடிச்சா ரெண்டு நாள்ல சுத்தமாயிருமாம். இல்லாட்டி வாளியெல்லாம் எறக்கிருங்க. கோச்சுக்காதீங்க டிரைவர்."

இறக்கி வைக்க இடம் ஏது? சுருளிநாதன் குடியிருந்தது மேல் போர்ஷன். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஆள் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு பால்கனி. வாளியை இறக்குவதென்றால் குப்பை வண்டியில் ஏற்றுவதுதான்.

பாட்டிலை வாங்கி மாடிப்படி மாடத்தில் வைத்தார். டீச்சர் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

*

மறுநாள் காலை பார்த்தார். பேன் கூட்டத்துக்கு நடுவே புதிதாக ஏதோ ஓடியது.

அரிசி நீளம்கூட இருக்காது. கறுத்த உடம்பு. முதுகில் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டு. முள் முள்ளாக மயிர். ஆறு காலால் சரசரவென்று ஓடியது. முதலையை யாரோ சுருக்கிப் பயறுச் செடியில் விட்டுவிட்ட மாதிரி இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு உடம்பு கூசியது. பேனாவது ஓரிடத்தில் கிடக்கிறது; இது கொடிக்குக் கொடி தாவுகிறது. இதுதான் பெரிய திருடன் என்று அவருக்குப் பட்டது.

காலி ஊறுகாய் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே தள்ளினார். முதல் நாள் முப்பத்தெட்டு. இரண்டாம் நாள் அறுபது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் மனசு விசிலடித்தது. வேலையில் இருந்தபோது ஒரு நாளும் இவ்வளவு கையோடு பலன் தெரிந்ததில்லை. நாலாம் நாள் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றுகூட மிச்சமில்லை.

பாட்டிலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இராயப்பன்பட்டிக்குப் போனார்.

"நூத்தி நாப்பத்தொண்ணு டீச்சர். மருந்து ஒரு சொட்டு அடிக்கல. எல்லாம் கையாலயே."

டீச்சர் பாட்டிலைத் திறந்தார். ஒரு தட்டில் சாய்த்து, விரல் நுனியால் ஒன்றை மட்டும் தனியே நகர்த்திப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார்.

"பேன்?"

"பேன் கெடக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன். பெரிய திருடனை மொதல்ல பிடிச்சாச்சு."

டீச்சர் தட்டிலும் பாட்டிலிலும் இருந்ததை வேலியோரம் கொட்டினார். பாட்டிலை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசினார். துணியால் ஈரம் போகத் துடைத்தார். வேலியோரம் இருந்த தட்டப்பயறில் பேன் மொய்த்த ஒரு சிறு கிளையை ஒடித்து உள்ளே போட்டார். பிறகு இன்னொரு கொடியில் தேடி, அதே முதலை மாதிரிப் பூச்சி ஒன்றை இலையோடு கிள்ளி அதனுள் விட்டார். வாயில் வலைத்துணி கட்டி நீட்டினார்.

"இதை எதுக்கு டீச்சர் உசுரோட விடுறீங்க?"

"வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே."

"கொண்டு போய்?"

"கண்ணுல படுற எடத்துல வைங்க."

*

சாப்பாட்டு மேஜையில் வைத்தார். முதலில் கவனித்தது நாகரத்தினம்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க."

"என்ன?"

"இது எலையைத் திங்கல."

"பின்ன?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாங்க."

சுருளிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலுக்குக் கிட்டே குனிந்தார். அந்தக் குட்டி முதலை ஒரு பேனைப் பிடித்திருந்தது. வாயில் கவ்வித் தூக்கி, உறிஞ்சி, தோலைக் கீழே போட்டது. அடுத்ததைப் பிடித்தது. அவசரமே இல்லாமல் வரிசையாகப் போனது. கிளையின் நுனியிலிருந்து பாதிவரை வெறும் பச்சைத் தண்டாகிவிட்டிருந்தது.

"எம்மா, என்ன தீனி திங்குது" என்றார் நாகரத்தினம்.

சுருளிநாதன் செருப்புகூடப் போடாமல் மாடிக்குப் போனார். நாலு மூலையும் சுற்றினார். இரண்டே நாளில் பேன் இரண்டு மடங்காகியிருந்தது. தின்ன வந்த ஒன்றுகூட இல்லை. அவர்தான் ஒன்று விடாமல் எடுத்திருந்தாரே.

அடுத்த பேருந்தில் இராயப்பன்பட்டி போனார்.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்."

"ம்."

"உதவிக்கு வந்ததை எல்லாம் கொன்னுட்டேன்."

"ம்."

"உங்களுக்குத் தெரியும். இப்படி ஒண்ணு வரும்னு மொதல்லயே ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பாருங்கன்னு சொன்னேன்ணே" என்றார் டீச்சர். "நீங்க எண்ணிட்டு வந்தீங்க."

சுருளிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து மிளகாய் நாற்று வாங்கிக்கொண்டு போனார். அதுவரை அப்படியே நின்றார்.

"நிக்காஹ்வுக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. பாய் குடுத்த மருந்து மாடத்துல இருக்கு. அடிச்சிரட்டுமா?"

"உங்க மாடி. உங்க கை."

"வேற வழி ஒண்ணும் இல்லியா?"

டீச்சர் அவருக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"நான் மொதல்ல தோட்டம் போட்ட வருசம், தட்டப்பயறு எலைக்கு அடியில மஞ்ச மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நெல்லைக் குட்டியாக்கி நிப்பாட்டி வெச்ச மாதிரி, கொத்துக் கொத்தா. ஏதோ நோயின்னு நெனச்சேன். ஒவ்வொரு எலையாத் திருப்பி கட்டைவெரலால நசுக்கினேன். ஒரு வாரம் அதான் வேலை."

"அப்புறம்?"

"அடுத்த வருசம் நசுக்கல."

அவ்வளவுதான் சொன்னார். நாற்றுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

சுருளிநாதன் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஊர் எல்லை தாண்டும்வரை ஒன்றும் ஓடவில்லை. திடீரென்று நிமிர்ந்தார். வண்டி எதற்கு இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று டிரைவர் முதுகைப் பார்த்தார். வீட்டு வாசலில் நின்றபடியே மனைவியைக் கூப்பிட்டார்.

"நாகு, கண்ணாடியை எடுத்துக்கிட்டு மாடிக்கு வா."

"எதுக்கு?"

"எலைக்கு அடியில பாக்கணும். நான் மேல மட்டுந்தான் பாத்தேன்."

இருவரும் ஆளுக்கு இரண்டு பயறு வாளி பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலையை ஒடியாமல் திருப்பினார்கள். பிசுபிசுப்பு கையெல்லாம் ஒட்டியது.

"மஞ்சளா?" என்றார் நாகரத்தினம்.

"மஞ்சளா."

"நெல்லு மாதிரி?"

"நெல்லு மாதிரி."

"இந்தா இருக்கு."

சுருளிநாதன் முழங்காலாலேயே நகர்ந்து வந்தார். இலையின் முதுகில் பதினைந்து இருபது முட்டைகள், நிமிர்ந்து நின்றன. பக்கத்து இலையில் இன்னொரு கொத்து. இருட்டுவதற்குள் எட்டுக் கொத்து கண்டுபிடித்தார்கள். நாலாவது மூலை வாளியில் மட்டும் ஒன்றும் இல்லை. அதை மூன்று தடவை தேடினார்கள்.

*

மறுநாள் காலையில் சுருளிநாதன் கீழே போய்க் கமாலுதீன் பாயின் கதவைத் தட்டினார்.

"பாய், பந்திக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அன்னிக்கு வந்து பாருங்க. பேன் இருந்தா நானே எல்லா வாளியையும் எறக்கிர்றேன். நீங்க சொல்லணும்னுகூட இல்ல."

"அதுவரைக்கும் மருந்து அடிக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எப்படிப் போகும்?"

"ஆள் வருது பாய்."

பாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் சரி என்றார்.

முட்டைகள் மூன்றாம் நாள் பொரிந்தன. தூசி மாதிரிக் கறுப்பாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் கால் இருப்பது தெரிந்தது. சுருளிநாதன் காலையில் ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாடியேறினார். தன்னைவிடப் பெரிய பேனை ஒரு பொடியன் பின்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைக் கீழே வந்து நடித்துக் காட்டினார். நாகரத்தினம் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்க்க ஓடினார்.

மேஜை மேல் இருந்த பாட்டிலுக்குத் தினம் ஒரு புதுக் கிளை போட்டார்கள். ஐந்தாம் நாள் அது தின்னவில்லை. கிளையில் வாலை ஒட்டிக்கொண்டு கூனிவிட்டது. தட்டினாலும் அசையவில்லை.

"செத்துப்போச்சு" என்றார் சுருளிநாதன். குரல் இறங்கிவிட்டது. "அதையும் கொன்னாச்சு."

"சாகல. ஏதோ பண்ணுது. சும்மா இருங்க."

நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் காப்பி நேரத்தில் அதன் முதுகு வெடித்தது. உள்ளிருந்து ஏதோ தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வெளிறிய மஞ்சள் நிறம், ஈரமான உடம்பு. கூட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. இருவரும் காப்பியை மறந்துவிட்டார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறியது. மஞ்சள் ஆரஞ்சானது. ஆரஞ்சு சிவப்பானது. முதுகின் மேல், யாரோ மெதுவாக மை தொட்டு எழுதுகிற மாதிரி, கறுப்புக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன.

"ஏங்க," என்றார் நாகரத்தினம், "இது நம்ம செவப்பு வண்டு."

சுருளிநாதன் பாட்டிலுக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"அழகா இருக்குன்னு சொன்னேன்" என்றார். "அதுங்க கண்ணு முன்னாலயே அதுங்க புள்ளைங்களை."

நாகரத்தினம் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் மாடிக்குப் போய், ஒரு தட்டப்பயறுக் கொடியின் கிட்டே வலைத்துணியை அவிழ்த்தார். வண்டு பாட்டில் விளிம்புக்கு ஏறியது. சிறகைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்தது. கொடிக்குப் போனது.

*

சொன்னபடி இரண்டு நாள் முன்னதாகக் கமாலுதீன் பாய் மாடியேறி வந்தார். சுருளிநாதன் விடியற்காலையிலிருந்தே அங்கே இருந்தார். பெரிய அதிகாரி டெப்போவுக்குப் பார்வையிட வரும் நாளில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

பாய் கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. செடிக்கு மூன்று நாலு காய் ஊதாவாகத் தொங்கின. செண்டுப்பூ மாடி முழுக்க மஞ்சளாக இருந்தது. அவரை, தொட்டிக் கம்பி முழுக்கப் படர்ந்து பூத்திருந்தது. மூலைக்குப் போனார். முதல் வாளியில் பேனே இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஒரு கொடி நுனியில் கொஞ்சம் இருந்தது. நாலாவது மூலையில் வாளியே இல்லை.

"இங்க ஒண்ணு இருந்துச்சே."

"அது போச்சு பாய். காப்பாத்த முடியல. நானே எறக்கிட்டேன்."

"மத்ததுல பேன் எங்க போச்சு?"

"தின்னுருச்சு."

"எது?"

சுருளிநாதன் மூன்றாவது வாளியில் ஒரு இலையைத் தூக்கிக் காட்டினார். கறுப்பு முதலை ஒன்று வேலையில் இருந்தது. பாய் ஒரு அடி பின்னால் போனார்.

"இது அதைவிட அசிங்கமா இருக்கே டிரைவர்."

"ஆமா பாய். மொதல்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

பாய் யோசித்தார். மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கத்தரியும் பூவும் அவரையும் இருக்கட்டும். பாக்க நல்லாத்தான் இருக்கு. இந்தப் பயறு வாளி மூணும் பந்தி அன்னிக்கு மட்டும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போகட்டும். என்ன?"

"சரி பாய்."

பாய் படியிறங்கும்வரை சுருளிநாதன் அசையவில்லை. பிறகு கட்டைச் சுவரில் உட்கார்ந்து, தொடையில் கையைத் தட்டிக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார்.

நிக்காஹ் அன்று பந்தி நாலு வரிசை நடந்தது. கல்யாணப் பெண்ணின் தோழிகள் செண்டுப்பூவுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுருளிநாதன் தண்ணீர் பரிமாறினார். கண் மட்டும் வாளிகளின் மேலேயே இருந்தது. மூன்றாவது பந்தியில் ஒரு சிவப்பு வண்டு பறந்து வந்து, மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. சுருளிநாதன் தண்ணீர் ஜக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பெரியவர் குனிந்து பார்த்தார். கறிபடாத இடது கை விரலை நீட்டினார். வண்டு விரலில் ஏறியது. அவர் அப்படியே கையை நீட்டிப் பக்கத்துப் பூவில் விட்டுவிட்டு, சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

தூரத்தில் நின்று கமாலுதீன் பாயும் அதைப் பார்த்தார்.

மறுநாள் அவர் மேலே வந்தார். "அந்த மருந்து பாட்டில் இருக்கா டிரைவர்? மூடி ஒடைக்கலைன்னா குடுங்க. கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானான்னு கேட்டுப் பாக்குறேன்."

*

அடுத்த வாரம் சுருளிநாதன் ஒரு மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காயோடு இராயப்பன்பட்டிக்குப் போனார். டீச்சர் பையை வாங்கிக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றில் புழு துளைத்த ஓட்டை இருந்தது. அதையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

சுருளிநாதன் இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் ஒரு கத்தரிக் கிளை இருந்தது.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க."

கிளையில் ஒரு குப்பைத் துணுக்கு இருந்தது. காய்ந்த தோல், நூல், தூசி எல்லாம் சேர்ந்த சின்ன மூட்டை. அந்த மூட்டை நடந்தது. நாலு எட்டு வைத்து நின்றது. மறுபடி நடந்தது.

"குப்பையைத் தூக்கிக்கிட்டு நடக்குது" என்றார் சுருளிநாதன். அவருக்கு மூச்சு வாங்கியது. "காலையில இருந்து பாக்குறேன். இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. இது நல்லதா, கெட்டதா?"

டீச்சர் கிளையை வாங்கி வெயிலில் திருப்பினார். நாற்றுக்கு வந்து நின்ற அம்மாவைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார்.

"எதுல இருந்துச்சு?"

"கத்தரியில."

"என்ன திங்குது?"

"தெரியல. அதான் கொல்லாம கெளையோட கொண்டாந்தேன். நீங்க சொல்லுங்க."

"எனக்கும் தெரியாதுண்ணே."

சுருளிநாதன் நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தார். சும்மா சொல்வது போல் இல்லை. டீச்சரின் கண் அந்த மூட்டையை விட்டு அகலவில்லை. அது மறுபடி நடந்தது. டீச்சர் காலாலேயே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, கிளையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கே தெரியாதுன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்குறது டீச்சர்?"

"அந்தப் பக்கமா உக்காருங்க" என்றார் டீச்சர். "வெளிச்சத்தை மறைக்காதீங்க."